ஜெயிக்கும்போது கேட்போம்!

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன், எப்போதும்வென்றான்)



என் ஊர் பெயர் எப்போதும்வென்றான். எட்டயபுரம் தாண்டித் தூத்துக்குடி போகிற நாற்கரச் சாலையில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது. ஊர் பெயரைச் சொன்னாலே கேலிதான். "மாப்ள, உனக்கென்னடா, பொறந்ததுமே ஜெயிச்சுட்ட!" என்பான் ஒருவன். "அப்ப செமஸ்டர் எதுக்குடா எழுதுற?" என்பான் இன்னொருவன். ஆனால் வெற்றி பெயரில்தான் இருக்கிறது. எவனும் எப்போதும் ஜெயிக்க முடியாது என்பது வானம் பார்த்த பூமிக்காரனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷம் உளுந்தும் பாசியும் வீடு நிறைய வரும். அடுத்த வருஷம் விதைத்த விதைகூடத் திரும்பாது. அதனால்தான் எங்கள் ஊர்ச் சம்சாரி, நல்ல வெள்ளாமை கண்ட வருஷத்திலேயே அடுத்த வருஷத்து விதையைத் தனியே எடுத்து வைக்கிறார். விளையாத வருஷத்தில் விதையைத் தேடினால் கிடைக்குமா?

இந்தச் சம்சாரி புத்தி கிரிக்கெட் ரசிகர்களாகிய நமக்கு ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

கோவில்பட்டிப் பக்கத்துக்காரன் ஹாக்கியை விட்டுவிட்டுக் கிரிக்கெட் எழுதுகிறானே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹாக்கிக்கும் வருகிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் நம் விடுதியில் நடக்கிற பெரிய பட்டிமன்றம் எது என்று உங்களுக்கே தெரியும். "தல ஆடணுமா, வேண்டாமா?" இந்தப் பட்டிமன்றத்தில் இதுவரை தீர்ப்பு வந்ததில்லை. வார்டன் வந்ததும் விளக்கை அணைத்துவிடுவோம். அதில் நான் சொல்ல நினைத்ததை இந்த மலரில் எழுதுகிறேன்.

114 ரன்னும் ஒரு கோப்பையும்

2021-ஆம் ஆண்டுக்குப் போவோம். அப்போது எனக்கு 13 வயது. கொரோனா காலம். ஏப்ரலில் இந்தியாவில் தொடங்கிய ஐ.பி.எல். போட்டி மே மாதம் பாதியில் நின்றது. செப்டம்பரில் மறுபடி ஐக்கிய அரபு நாட்டில் தொடங்கியது. அதற்கு முந்தின வருஷம் சென்னை அணி எட்டு அணிகளில் ஏழாவது இடம். தான் ஆடிய எல்லா வருஷமும் பிளே-ஆஃப் போன அணி முதல் முறையாகப் போகாமல் நின்ற வருஷம் அது. ஊரே முகத்தைத் தொங்கப் போட்டிருந்தது.

2021-இல் அதே அணி எழுந்தது. 14 லீக் ஆட்டத்தில் 9 வெற்றி. பட்டியலில் இரண்டாமிடம். அக்டோபர் 15-ஆம் தேதி துபாயில் கொல்கத்தாவை 27 ரன்னில் தோற்கடித்து நான்காவது கோப்பை. ருதுராஜ் கெய்க்வாட் 635 ரன், டூ பிளெஸ்ஸி 633 ரன். இரண்டு பேரும் சேர்ந்து அணியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

அந்த அணியின் தலைவர் அடித்தது எவ்வளவு தெரியுமா? 16 ஆட்டத்தில் 114 ரன். சராசரி 16 சொச்சம். முதல் ஆட்டத்தில் டெல்லிக்கு எதிராக இரண்டாவது பந்திலேயே டக். அந்த வருஷம் முழுக்க ஒரு ஆட்டத்தில்கூட 18-ஐத் தாண்டவில்லை. வருஷ வாரியாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். 2018-இல் 455, 2019-இல் 416, 2020-இல் 200, 2021-இல் 114. நம் எம்-3 பாடத்தில் கிராஃப் போடத் தெரிந்த யாரும் இந்தக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடலாம்.

ஆக, அணி ஜெயிக்கிறது. அணியை நடத்துகிற ஆள் தடுமாறுகிறார். ரசிகன் என்ன செய்ய வேண்டும்?

மூன்று வகை ரசிகர்கள்

நம்மில் மூன்று வகை உண்டு. முதல் வகை, "ஜெயிச்சுட்டோம்ல, அப்புறம் என்ன?" என்பவர்கள். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பது இவர்கள் கட்சி. தலைவரின் ரன்னைப் பற்றி வாயைத் திறந்தால் நீ சென்னை ரசிகனே இல்லை என்று சான்றிதழைப் பிடுங்கிவிடுவார்கள்.

இரண்டாவது வகை, "கிழவனைத் தூக்கி வெளியே போடு" என்பவர்கள். இவர்களுக்கு ஸ்கோர் கார்டு மட்டும்தான் தெரியும். விக்கெட்டுக்குப் பின்னால் நின்று பந்துவீச்சாளரை மாற்றுவது, ஃபீல்டரை இரண்டடி நகர்த்துவது, பதறுகிற பையனின் தோளில் கை வைப்பது, இதெல்லாம் ஸ்கோர் கார்டில் எந்தக் கட்டத்திலும் வராது. அதனால் இவர்கள் கணக்கிலும் வராது.

மூன்றாவது வகை கொஞ்சம் பேர்தான். இவர்கள் வெளியே பேசமாட்டார்கள். கோப்பையைத் தூக்கும்போது கைதட்டிக்கொண்டே, மனசுக்குள், "இந்த மனுஷனுக்கு என்ன செய்யுது? அடுத்த வருஷம் என்ன ஆகும்?" என்று கவலைப்படுவார்கள். நான் இந்தக் கட்சி. இந்தக் கவலை துரோகம் இல்லை, இதுதான் பாசம் என்பது என் தாழ்மையான கருத்து.

2021-இல் நடந்த இரண்டு ஆட்டங்களைப் பாருங்கள். அக்டோபர் 4, டெல்லிக்கு எதிராகத் தோனி 18 ரன் எடுத்தார், 27 பந்தில். சென்னை தோற்றது. ஆறே நாள் கழித்து, அக்டோபர் 10, பிளே-ஆஃப் ஆட்டம். அதே டெல்லி. மறுபடியும் 18 ரன் எடுத்தார், ஆனால் 6 பந்தில்! கடைசி ஓவரில் 13 ரன் வேண்டும். முதல் பந்திலேயே மொயின் அலி அவுட். அதற்குப் பிறகு தோனி மூன்று பவுண்டரி அடித்தார், நடுவில் ஒரு வைடு. இரண்டு பந்து மிச்சம் வைத்து ஜெயித்தார்கள்.

முதல் வகை ரசிகர்கள் அக்டோபர் 10-ஐ மட்டும் சொல்வார்கள். இரண்டாவது வகை அக்டோபர் 4-ஐ மட்டும் சொல்வார்கள். இரண்டு 18-ம் ஒரே ஆள் அடித்ததுதானே? இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவனுக்குத்தான் உண்மை தெரியும். இந்த மனுஷனிடம் ஆறு பந்துக்கு வேண்டிய சக்தி இருக்கிறது, இருபத்தேழு பந்துக்கு இல்லை. அப்படியானால் அவரை எப்போது இறக்குவது, அவருக்கு முன்னால் யாரை நிறுத்துவது, அவருக்குப் பிறகு யாரைத் தயார் செய்வது? நாம் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

பட்டறை சொல்லும் பாடம்

நம் பட்டறையில் லேத் ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றப் பிரிவு நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். லேத்தின் ஹெட்ஸ்டாக்கில் பேரிங் தேய ஆரம்பித்தால் மெஷின் உடனே நின்றுவிடாது. ஜாப் கடைந்து மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் அளவு சரியாகவே இருக்கும். ஆனால் ஜாப்பின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். சிறுசிறு வரி வரியாகத் தட்டுப்படும். அதைத்தான் சாட்டர் என்கிறோம். காதை வைத்துக் கேட்டால் ஒரு சன்னமான உறுமல் கேட்கும். அளவு பாஸ், ஆனால் மெஷின் ஏதோ சொல்கிறது.

பராமரிப்பில் இரண்டு வகை என்று படிக்கிறோம். உடைந்த பிறகு ஓடிப்போய்ப் பார்ப்பது பிரேக்டவுன் மெயின்டனன்ஸ். ஓடிக்கொண்டிருக்கும்போதே கவனித்து எண்ணெய் விட்டு, தேய்ந்ததை மாற்றுவது பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ். பரீட்சையில் இரண்டுக்கும் வேறுபாடு எழுதி மார்க் வாங்கிவிடுகிறோம். வாழ்க்கையில் முதலாவதை மட்டும்தான் கடைப்பிடிக்கிறோம்! உறுமல் கேட்கிறது என்று சொல்கிறவன் மெஷினுக்கு எதிரியா? அவன்தான் அந்த மெஷின் இன்னும் பத்து வருஷம் ஓட வேண்டும் என்று நினைக்கிறவன்.

எங்கள் பக்கம் கோயில் கொடைக்கு மாட்டுவண்டிப் பந்தயம் விடுவார்கள். ஜெயித்த வண்டியைச் சுற்றி ஊரே விசில் அடிக்கும். ஆனால் மாட்டுக்காரர் பரிசுப் பணத்தைப் பார்க்கமாட்டார். குனிந்து, மாட்டின் குளம்பைத்தான் தடவிப் பார்ப்பார். ஜெயித்த மாட்டுக்குத்தான் அதிகம் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் எந்தப் பாலிடெக்னிக்கிலும் படித்தவர் இல்லை.

உலகமெங்கும் இதே கதை

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஒரு ஃபுட்பால் ஆடுகிறார்கள். பெயர்தான் ஃபுட்பால், பெரும்பாலும் கையால்தான் ஆட்டம். அதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர். ஆட்டத்தைத் தொடங்கும் பந்து அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, எப்போது எறிவது என்று நொடியில் முடிவு செய்கிறவர் அவர். நம் கேப்டன், விக்கெட் கீப்பர், ஃபினிஷர் மூன்று பேரையும் ஒன்றாகச் சேர்த்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2015-இல் டென்வர் பிராங்கோஸ் என்ற அணிக்குப் பெய்டன் மேனிங் குவார்ட்டர்பேக். பெரிய சாதனையாளர், வயது 39. அந்த வருஷம் முதல் ஏழு ஆட்டத்திலும் அணி ஜெயித்தது. ஆனால் மேனிங் எறிகிற பந்து எதிரணியின் கைக்குப் போய்க்கொண்டே இருந்தது. அந்த சீசனில் அவர் எறிந்து கோலுக்குச் சமமான டச்டவுன் ஆனது 9, எதிரணி பிடுங்கியது 17. ஜெயிக்கிற அணியின் ரசிகர்கள் கவலையில் தூக்கம் இழந்தார்கள். நவம்பர் 15 அன்று ஒரே ஆட்டத்தில் இரண்டு சம்பவம் நடந்தது. வாழ்நாளில் அதிக தூரம் பந்து எறிந்தவர் என்ற சாதனையை மேனிங் அன்றைக்குத்தான் முறியடித்தார். அதே ஆட்டத்தின் பாதியில் அவரை உட்கார வைத்து இளையவர் ஒருவரை இறக்கினார்கள். காலில் காயம் வேறு. சில வாரம் ஓய்வு. சீசனின் கடைசி லீக் ஆட்டத்தில் திரும்பி வந்தார். 2016 பிப்ரவரி 7-இல் 24-10 என்று சூப்பர் பௌல் கோப்பையை அதே அணி ஜெயித்தது. மேனிங்தான் குவார்ட்டர்பேக். அடுத்த மாதம் கௌரவமாக ஓய்வு பெற்றார்.

உட்கார வைத்ததை அந்த அணி அவமானமாக நினைக்கவில்லை. இதில் நம் ஹாக்கி இன்னும் ஒரு படி மேல். ஹாக்கியில் ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். மூச்சு வாங்குகிறவன் வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உள்ளே போவான். வெளியே வந்தவனைப் பார்த்து, "இவன் கதை முடிஞ்சுபோச்சு" என்று கோவில்பட்டியில் எவனும் சொல்லமாட்டான். உட்காருவதும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று ஹாக்கி பார்த்து வளர்ந்தவனுக்குத் தெரியும்.

இதற்கு மாறான கதையும் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். 2024 டி-20 உலகக் கோப்பை. இந்தியா ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் இறுதிக்கு வந்தது. ஆனால் விராட் கோலி அதுவரை ஏழு இன்னிங்ஸில் மொத்தம் எடுத்தது 75 ரன்தான். இரண்டு டக் வேறு. "மாத்துங்கடா" என்று நம் விடுதி அறை வரைக்கும் சத்தம். அணி மாற்றவில்லை. ஜூன் 29, பார்படாஸில் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக இறுதி ஆட்டம். முதல் 5 ஓவருக்குள் 3 விக்கெட் போன நிலையில் கோலி நின்று ஆடி 59 பந்தில் 76 ரன் எடுத்தார். இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது.

அப்படியானால் பொறுமைதான் சரியா? பல நேரம் சரி. அதனால்தான் "தூக்கு" என்று நான் சொல்லவில்லை, "கேள்" என்கிறேன். கேட்டுப் பார்த்து, ஆளிடம் சரக்கு இருக்கிறது, நேரம்தான் சரியில்லை என்று தெரிந்தால் பொறுக்கலாம். முட்டி தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தால் வேறு ஏற்பாடு செய்யலாம். கேட்காமலே பொறுப்பதற்குப் பெயர் பொறுமை இல்லை, அசட்டை.

கேட்காமல் விட்டதன் விலை

2023-இல் சென்னைக்கு ஐந்தாவது கோப்பை. அந்த வருஷம் தோனி முட்டி வலியோடுதான் ஆடினார். கடைசியில் சில பந்து மட்டும் ஆட வருவார், சிக்ஸர் அடிப்பார், நாம் கூத்தாடுவோம். மொத்தம் 104 ரன். ஆமதாபாத்தில் மழையோடு நடந்து மே 30 அதிகாலையில் முடிந்த இறுதி ஆட்டத்தில் முதல் பந்திலேயே டக். கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும் என்ற நிலையில் ஜடேஜா சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் காப்பாற்றினார். அடுத்த இரண்டு நாளில் மும்பையில் தோனிக்கு முட்டி அறுவை சிகிச்சை. அந்த முட்டியோடு அந்த மனுஷன் எத்தனை நூறு தடவை உட்கார்ந்து எழுந்து கீப்பிங் செய்திருப்பார்! நாம் அதைக் கேட்டோமா? ஏழு என்ற எண் போட்ட மஞ்சள் பனியன்தான் வாங்கினோம்.

இன்னொரு விஷயம் எனக்கு அப்போதே உறுத்தியது. அதே 2023-இல் சேப்பாக்கத்தில் ஜடேஜா ஆட வந்தால், இவர் எப்போது அவுட் ஆவார், தல எப்போது வருவார் என்று கூட்டம் காத்திருந்தது. அவரே சிரித்துக்கொண்டே இதைச் சொன்னார். சொந்த அணிக்காரன் அவுட் ஆனால் கைதட்டுகிற ரசிகனை உலகத்தில் வேறு எங்கே பார்க்க முடியும்? ஒருவர் மேல் பாசம் வைப்பதாக நினைத்து, அவருக்குத் தோள் கொடுக்கிற ஆளை அவமானப்படுத்துகிறோம்.

அடுத்த தலைவரைத் தயார் செய்ய அணி முயலவில்லை என்று சொல்ல முடியாது. 2022 மார்ச்சில் ஜடேஜாவைத் தலைவராக்கினார்கள். ஏப்ரல் 30-இல் பொறுப்பு தோனியிடமே திரும்பி வந்தது. அணி ஒன்பதாமிடம். 2024-இல் ருதுராஜ் தலைவர். 2025-இல் அவருக்கு முழங்கையில் எலும்பு முறிவு, ஆக மறுபடியும் 43 வயதுத் தோனிதான் தலைவர். மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூருக்கு எதிராக அவர் ஒன்பதாவது ஆளாக ஆட வந்தார். அணி 50 ரன்னில் தோற்றது. அந்த முட்டியை வைத்துக்கொண்டு பத்து ஓவர் முழு வேகத்தில் ஆட முடியாது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங் அப்போதுதான் வெளிப்படையாகச் சொன்னார். அந்த வருஷம் 14 ஆட்டத்தில் 4 வெற்றி. பத்து அணிகளில் பத்தாமிடம். சென்னை கடைசி இடத்தில் முடித்தது அதுதான் முதல் தடவை.

இந்தத் தோல்விக்குத் தோனி ஒருவர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அது பெரிய பாவம். தொடக்க ஆட்டக்காரர்கள் சொதப்பினார்கள், ஏலத்தில் எடுத்த ஆட்கள் சரிப்படவில்லை, தலைவருக்குக் காயம். ஆனால் 2021-இலும் 2023-இலும் கோப்பையின் பளபளப்பில் நாம் கேட்காமல் விட்ட கேள்வி 2025-இல் கடன் வட்டியோடு வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் 17 வயது ஆயுஷ் மாத்ரேயைப் பாதி சீசனில் கூப்பிட்டார்கள். அவன் மே 3-இல் பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்தான். நம்ம வயசுப் பையன்! 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, கீப்பிங்கும் தெரிந்த சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். இதையெல்லாம் ஜெயித்த வருஷத்தில் செய்திருந்தால் விதை வைத்த சம்சாரியாக இருந்திருப்பார்கள். விளையாத வருஷத்தில் விதை தேடினால் விலை அதிகம்தான்.

ஜெயித்தால் மௌனம், தோற்றால் வசவு

நம்மிடம் இருக்கிற பெரிய நோய் இதுதான் நண்பர்களே. ஜெயிக்கும்போது வாயை மூடிக்கொள்கிறோம். தோற்றதும் வாய்க்கு வந்தபடி பேசுகிறோம். நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்?

2020 அக்டோபரில் சென்னை ஒரு ஆட்டம் தோற்றது. உடனே ஒருவன் தோனியின் சின்ன மகளைப் பற்றி, எழுதவே கை கூசுகிற மிரட்டலை இணையத்தில் போட்டான். அந்தக் குழந்தைக்கு அப்போது ஐந்து வயது. குஜராத்தில் போலீஸ் ஒருவனைப் பிடித்தது. யாரோ ரவுடி என்று நினைத்தீர்களா? 16 வயதுப் பள்ளிக்கூட மாணவன். நம்ம வயசு! அந்தச் செய்தியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு நடுங்குகிறது. ஒரு கிரிக்கெட் ஆட்டம் தோற்றதற்கு ஒரு குழந்தையா பதில் சொல்ல வேண்டும்? கையில் போன் இருக்கிறது என்பதற்காக எதையும் எழுதிவிடலாமா?

"நாம யாருடா கேக்கிறதுக்கு? நமக்கு ஒரு ஓவர் பந்து போடத் தெரியுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் அணித் தேர்வாளர்கள் இல்லை. ஆனால் மைதானத்தில் எதற்குக் கைதட்டுகிறோம், எதற்கு மௌனமாக இருக்கிறோம் என்பது அணிக்குக் கேட்கிறது. ஒரே ஆளின் ஒரு சிக்ஸருக்குத்தான் கைதட்டுவோம் என்றால், அணியும் அந்த ஒரு சிக்ஸரைத்தான் விற்கும். அவருடைய முட்டியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். 2021-இல் ரெய்னா 12 ஆட்டத்தில் 160 ரன்தான் எடுத்திருந்தார். அவர் இடத்தில் வந்த உத்தப்பா அந்த அக்டோபர் 10 பிளே-ஆஃபில் 44 பந்தில் 63, இறுதியில் 15 பந்தில் 31. அந்த மாற்றம் இல்லாமல் அந்தக் கோப்பை வந்திருக்குமா என்பது சந்தேகம். "சின்ன தல" என்று நாம் கொண்டாடிய ஆளின் இடத்திலேயே மாற்றம் செய்ய முடிந்தது என்றால், ஜெயிக்கிற அணியில் மாற்றம் செய்வது ஒன்றும் குற்றம் இல்லை.

"நல்லா ஓடுறப்ப கண்ணு வைக்காத" என்றும் சொல்வார்கள். ஓடுகிற லேத்துக்கு எண்ணெய் விடுவதா கண்ணு வைப்பது?

நம் வீட்டு அணி

இவ்வளவும் கிரிக்கெட்டுக்காக மட்டும் எழுதவில்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அய்யா கைநாட்டு. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள், குச்சி அடைக்கிற வேலை. எவ்வளவு அடைக்கிறாளோ அவ்வளவு கூலி. நான் முதல் செமஸ்டரில் எல்லாப் பேப்பரும் பாஸ். அந்த வருஷம் மக்காச்சோளமும் ஓரளவு கண்டது. எங்கள் வீட்டு அணி நல்ல ஃபார்மில் இருந்தது என்று சொல்லலாம்.

அந்தச் சந்தோஷத்துக்கு நடுவே, புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்த அக்காதான் ஒன்றைக் கவனித்தாள். எப்போதும் வலது இடுப்பில் குடம் எடுக்கிற அம்மா இடது பக்கம் மாற்றி எடுத்தாள். "எம்மா, தோளு என்ன செய்யுது?" என்றாள். "ஒண்ணுமில்ல தாயி, வேலைதான் ஓடுதுல்ல" என்றாள் அம்மா. அக்கா விடவில்லை. மறுநாளே கோவில்பட்டி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இன்னும் ஆறு மாதம் இப்படியே போயிருந்தால் கையைத் தூக்கவே முடியாது என்றார் டாக்டர். இப்போது அம்மா லேபிள் ஒட்டுகிற வேலைக்கு மாறிவிட்டாள். கூலி கொஞ்சம் குறைவு. ஆனால் கை இருக்கிறது, வேலை இருக்கிறது, நான் காலேஜில் இருக்கிறேன்.

"வேலைதான் ஓடுதுல்ல" என்ற வார்த்தையும், "ஜெயிச்சுட்டோம்ல" என்ற வார்த்தையும் ஒன்றுதான் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. நம் வீடுகளில் தடுமாறுகிற ஆள் ஒருபோதும் தானாகச் சொல்லமாட்டார். தான் சொன்னால் அணி தோற்றுவிடும் என்று பயம்.

நம் வகுப்பையும் பாருங்கள். "நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்று போர்டில் எழுதிக் கைதட்டுகிறோம். அதில் மயிரிழையில் பாஸான ஒருவன் இருக்கிறான். ராத்திரி வேலைக்குப் போய்விட்டு, காலையில் முதல் பீரியடில் கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறான். பாஸ் ஆனதால் யாரும் அவனைக் கேட்பதில்லை. அரியர் விழுந்த பிறகு, படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறிய பிறகு, "நல்லா படிக்கிற பயதான, என்னடா ஆச்சு?" என்று கேட்கிறோம். அது பிரேக்டவுன் மெயின்டனன்ஸ்! முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டு அணிக்கு ஒரு தோனிதான். நாம் அடிப்போம் என்று நம்பித்தான் ஒரு குடும்பமே பெவிலியனில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாரம் எவ்வளவு என்று நமக்குத்தானே தெரியும்?

ஆகவே நண்பர்களே, அடுத்த ஐ.பி.எல். வரும்போது, எந்த அணி ரசிகனாக இருந்தாலும், இதைச் செய்து பாருங்கள். அணி ஜெயித்த அன்றைக்கு, அதில் தடுமாறின ஆள் யார் என்று பாருங்கள். அவரைத் திட்டாமல், அவருக்கு என்ன பாரம், அதை யார் பகிர்ந்துகொள்ளலாம் என்று பேசுங்கள். அணி தோற்ற அன்றைக்குப் போனைக் கீழே வையுங்கள், ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். பக்கத்துப் பெஞ்சில் சிரித்துக்கொண்டே பாஸ் ஆகிறவனிடமும் இதே பழக்கத்தைக் கொண்டு வாருங்கள்.

தோற்ற அன்றைக்குத் திட்டுவதற்கு ஊரே இருக்கிறது. ஜெயித்த அன்றைக்குத் தோளில் கை போட்டு, "மாப்ள, உனக்கு என்ன செய்யுது?" என்று கேட்க ஒருத்தனாவது வேண்டும். அந்த ஒருத்தனாக நாம் இருப்போம்!